மக்களாட்சி முறைக்குச் சீர்திருத்தம் தேவையா? கொறடாவிலிருந்து தொடங்கலாம்

இந்தியாவின் நாடாளுமன்ற ஆட்சிமுறையைச் சீர்திருத்த வேண்டுமா, அல்லது அதிபர் முறைக்கே மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சீர்திருத்தம் வேண்டும் என்பதே என் பதில். ஆனால் அதற்காக ஆட்சிமுறையையே மாற்றத் தேவையில்லை. நாம் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர் அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று இன்று உத்தரவிடுபவர் அவருடைய கட்சியின் கொறடா. அந்த வாக்கை உறுப்பினருக்கே திருப்பிக் கொடுப்பதுதான் முதல் வேலை என்பது, நீண்ட காலம் அரசுப் பள்ளியில் குடிமையியல் நடத்தி, பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணியும் பார்த்து ஓய்வுபெற்ற எனக்குத் தோன்றுவது.

என்னை இப்படி நினைக்க வைத்தது 2017ஆம் ஆண்டு. அந்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில், ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 அ.தி.மு.க. உறுப்பினர்கள் தங்கள் கட்சி அரசுக்கு எதிராகவே வாக்களித்தார்கள். சில மாதங்களில் இரு அணிகளும் இணைந்தன. எதிர்த்து வாக்களித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் துணை முதலமைச்சரானார். அந்த இணைப்பை ஏற்காத வேறு சில உறுப்பினர்கள், முதலமைச்சர் மீது தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் அவையில் எதிர்த்து வாக்களிக்கவில்லை, வேறு கட்சியில் சேரவும் இல்லை. இருந்தும் அவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்தார். அவையிலேயே எதிர்த்து வாக்களித்த 11 பேரில் ஒருவர்கூட, 2021இல் அந்தப் பேரவையின் பதவிக்காலம் முடியும்வரை தகுதிநீக்கம் செய்யப்படவில்லை. ஒரே சட்டம், ஒரே அவை, ஒரே ஆண்டு.

அந்த 18 தொகுதிகளில் ஒன்றில் நான் வாக்காளன். எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கேட்டுத் தொகுதி மேம்பாட்டு நிதிக்காக நாங்கள் கொடுத்திருந்த மனு, உறுப்பினர் பதவியிழந்ததோடு எங்கேயோ நின்றுபோயிற்று. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல்கள் 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் நடந்தன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேலாக 18 தொகுதி மக்களுக்குச் சட்டப்பேரவையில் ஆளில்லை. “நாம யாருக்கும் துரோகம் பண்ணலியே தம்பி, நமக்கு எதுக்கு இந்தத் தண்டனை?” என்று எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா கேட்டார். குடிமையியல் நடத்திய ஆசிரியனுக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில், அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் இருக்கிறது. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை அணி மாறியதிலிருந்து ‘ஆயா ராம், கயா ராம்’ என்பது நாடெங்கும் கேலிச்சொல்லாயிற்று. அந்த நோய்க்கு மருந்தாக 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அதன்படி, கட்சியைத் தானாக விட்டு விலகுபவர் மட்டுமல்ல, கட்சிக் கொறடாவின் உத்தரவுக்கு மாறாக வாக்களிப்பவரும், வாக்களிக்காமல் ஒதுங்குபவரும்கூடப் பதவியிழக்கலாம். பதினைந்து நாட்களுக்குள் கட்சி மன்னித்தால்தான் தப்பலாம். இந்தக் கட்டுப்பாடு நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் உரியதன்று. மீன்பிடிச் சட்டமோ மின்சாரச் சட்டமோ, கொறடா உத்தரவிட்டால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

இதனால் கட்சித் தாவல் நின்றுவிட்டதா என்றால், இல்லை. 2003இல் 91ஆவது திருத்தம், மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது பிளவு என்ற விலக்கை நீக்கியது. மூன்றில் இரண்டு பங்கினர் இன்னொரு கட்சியோடு இணையலாம் என்ற விலக்கு மட்டும் மிஞ்சியது. அந்த வழியாகத்தான் 2019இல் கோவாவில் 15 காங்கிரஸ் உறுப்பினர்களில் 10 பேர் பா.ஜ.க.வுக்குப் போனார்கள்; 2022இல் அதே மாநிலத்தில் 11 பேரில் 8 பேர் போனார்கள். 2017இல் அ.தி.மு.க. உறுப்பினர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த கூவத்தூர் விடுதியைத் தொலைக்காட்சியில் நாள்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, சட்டம் இருக்கும்போதே என்னவெல்லாம் நடக்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலைபோக நினைப்பவரை இந்தச் சட்டம் நிறுத்தவில்லை. மனசாட்சிப்படி ஒரு மசோதாவை எதிர்க்க நினைப்பவரைத்தான் கட்டிப்போட்டது.

வரைவுக் குழுவின் தலைவராக இருந்த அம்பேத்கர், 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையில், அதிபர் முறையை விட்டு நாடாளுமன்ற முறையை ஏன் தேர்ந்தார்கள் என்பதை விளக்கினார். நிலைத்தன்மை, பொறுப்புடைமை ஆகிய இரண்டையும் சம அளவில் தரும் முறை இதுவரை அமையவில்லை. அதிபர் முறையில் முன்னது அதிகம், நாடாளுமன்ற முறையில் பின்னது அதிகம் என்பது அவர் வாதம். அதிபர் முறையில் அரசின் பொறுப்பு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறைதான் மதிப்பிடப்படும். நாடாளுமன்ற முறையிலோ வாக்காளர்கள் தேர்தலில் மதிப்பிடுவதோடு, கேள்விகள், தீர்மானங்கள், நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள் வழியாக உறுப்பினர்கள் அன்றாடமும் மதிப்பிடுவார்கள் என்றார். இந்த அன்றாட மதிப்பீட்டுக்காகத்தான் நிலைத்தன்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். இன்று நம்மிடம் இல்லாமல் போயிருப்பது அதுதான்.

2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. பதினான்கு மாதங்கள் கழித்து, 2021 நவம்பர் 29 அன்று, அவற்றைத் திரும்பப்பெறும் மசோதா இரு அவைகளிலும் ஒரே நாளில் நிறைவேறியது. மக்களவையில் விவாதமே இல்லை. சட்டம் வேண்டும் என்று குரல் கொடுத்த அதே ஆளுங்கட்சி வரிசைகள், அது வேண்டாம் என்றும் குரல் கொடுத்தன. இடைப்பட்ட காலத்தில் அவர்களுக்குத் தங்கள் தொகுதி உழவர்களிடமிருந்து எதுவும் தெரியவந்திருக்காது என்று நான் நம்பவில்லை. தெரிந்ததை வாக்காக மாற்ற அவர்களுக்கு வழியில்லை. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாட்கள் கூடியது. 17ஆவது மக்களவை 55 நாட்கள். எப்படி வாக்களிப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த அவையை அதிக நாட்கள் கூட்டி வைக்க எந்த அரசுக்கும் காரணம் இருக்காது. 2018இல் மத்திய அரசின் மானியக் கோரிக்கைகள், அதாவது அமைச்சகங்களின் செலவுக்கு ஒப்புதல் கேட்பவை, அனைத்தும் மக்களவையில் விவாதமின்றி ஒட்டுமொத்தமாக நிறைவேறின என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கொறடாவின் கை எட்டாத ஓர் இடம் நாடாளுமன்றத்திலேயே உண்டு. மசோதாக்களை விரிவாக ஆராயும் நிலைக்குழுக்களின் கூட்டங்களில் கட்சி உத்தரவு செல்லாது. அங்கே ஆளுங்கட்சி உறுப்பினரும் அதிகாரிகளிடம் கடுமையாகக் கேள்வி கேட்கலாம். 15ஆவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17ஆவதில் 16 விழுக்காடு.

பிரிட்டனில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2019 ஜனவரியில் அன்றைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கான பிரெக்சிட் ஒப்பந்தம் 202க்கு 432 என்று தோற்றது. அவருடைய கட்சியினரே 118 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். மறுநாள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது அதே கட்சியினர் அவருக்கு ஆதரவளித்ததால் அரசு பிழைத்தது. ஒரு கொள்கையை எதிர்ப்பதும் அரசையே கவிழ்ப்பதும் அங்கே இரு வேறு செயல்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கட்சியை எதிர்த்து வாக்களித்த 21 பேரை அடுத்த பிரதமர் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து வெளியேற்றியபோதும், அவர்கள் உறுப்பினர் பதவியை இழக்கவில்லை. கட்சி கொடுத்ததைக் கட்சி பறிக்கலாம். தொகுதி கொடுத்ததைப் பறிக்க அதற்கு உரிமை இல்லை.

ஆகவே நான் கேட்கும் திருத்தம் சிறியது, புதியதும் அன்று. கொறடா உத்தரவை மீறியதற்கான தகுதிநீக்கம் நம்பிக்கை, நம்பிக்கையில்லாத் தீர்மானங்களோடு நிற்க வேண்டும் என்று 1990இலேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. தகுதிநீக்கத்தை முடிவுசெய்யும் அதிகாரம் பேரவைத் தலைவரிடம் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. நான் அதனுடன் ஆண்டு நிதிநிலை அறிக்கையை மட்டும் சேர்ப்பேன். வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாக்கள் அனைத்தையும் சேர்க்கலாம் என்பார்கள். ஆதார் சட்டமே 2016இல் பண மசோதாவாக நிறைவேறிய நாட்டில் அந்தக் கதவைத் திறந்துவைப்பது வம்பு. பேரவைத் தலைவரைப் பற்றி, 1992இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் இருவர், பெரும்பான்மையின் தயவில் பதவியில் இருப்பவர் இதற்கு நடுவராக இருக்க முடியாது என்று கருதினார்கள், மூவர் ஏற்றுக்கொள்ளவில்லை. 2020இல், மணிப்பூர் உறுப்பினர் ஒருவரின் கட்சித் தாவல் பற்றிய வழக்கில், அதே நீதிமன்றம் இந்தப் பொறுப்பைத் தனித் தீர்ப்பாயத்திடம் ஒப்படைப்பதை நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என்று கூறியது.

மசோதாவுக்கு மசோதா உறுப்பினர்கள் விலைபேசப்பட மாட்டார்களா என்ற அச்சம் நியாயமானது. சில மசோதாக்களில், குறிப்பாகப் பெருநிறுவனங்களின் வருமானத்தைத் தொடுபவற்றில், அது நடக்கவும் கூடும். அந்த ஆபத்தை ஏற்கலாம் என்பதே என் கணிப்பு. அப்படி வாக்களித்தவரின் பெயர் பதிவேட்டில் இருக்கும். தொகுதிக்கு வரும்போது கேட்க முடியும். இப்போது கேட்டால், கட்சி முடிவு என்ற ஒரே பதிலோடு தப்பித்துக்கொள்கிறார்கள்.

அதிபர் முறையைப் பற்றி ஒன்றே ஒன்று. 1978இல் அந்த வழியில் போன இலங்கை, ஜனாதிபதியின் அதிகாரத்தை 2015இல் 19ஆம் திருத்தத்தால் குறைத்து, 2020இல் 20ஆம் திருத்தத்தால் கூட்டி, 2022இல் 21ஆம் திருத்தத்தால் மறுபடியும் குறைத்தது. பக்கத்திலேயே இருக்கும் இந்த அனுபவத்தைப் பார்த்த பிறகும் அதைக் கேட்பவர்களின் நம்பிக்கை எனக்கு இல்லை.

2021 தேர்தலில் எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவரிடம், கட்சியின் முடிவு நம் தொகுதிக்குப் பாதகமாக இருந்தால் அவையில் எப்படி வாக்களிப்பீர்கள் என்று கேட்டேன். உடன் வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, “தலைமை சொல்றபடிதாங்க ஐயா, வேற வழி இல்லீங்களே” என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான் என்பதால், துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு அவரை அடுத்த வீட்டுக்கு வழியனுப்பினேன்.