வர்க்கலாவில் படி ஏறாமல் நடக்க
முழங்கால் வலி உள்ள அம்மாவோடு கேரளாவின் வர்க்கலாவில் படி ஏறாமல் கடலோரம் நடக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். ஆட்டோவில் குன்றின் மேலே இருக்கும் ஹெலிபேடு (ஹெலிகாப்டர் இறங்கும் திடல்) வரைக்கும் போய் இறங்கிவிடுங்கள், அங்கிருந்து வடக்கே குன்றின் விளிம்பை ஒட்டியே பாதை போகிறது, ஒரு பக்கம் வரிசையாகக் கடைகள், மறுபக்கம் செம்பாறை செங்குத்தாக இறங்கி கீழே கடல். சில இடங்களில் தடுப்பு சரியாக இருக்காது, அம்மாவைக் கடைப் பக்கமாகவே நடக்க விடுங்கள். மணலுக்கு இறங்கும் படிகள் ரொம்பச் செங்குத்து, அது வேண்டவே வேண்டாம். அலையில் கால் நனைக்க ஆசைப்பட்டால் ஜனார்த்தன சுவாமி கோயில் பக்கம் போங்கள், பாபநாசம் கடற்கரைக்குச் சாலையே இறங்குகிறது. அப்புறம், ஜூன் ஜூலையில் போவதாக இருந்தால் தள்ளிப்போடுங்கள், மழைக்காலத்து அலை பாதி மணலை விழுங்கிவிடும்.