காதில் கேட்பது ஓங்காரமா?

கேள்வி: கோவையில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கொஞ்ச காலமாக இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவது போல ஓயாத சத்தம். விடியற்காலை தியானத்தில் உட்கார்ந்தால் இன்னும் கூடுகிறது. தியான வகுப்பு ஆசிரியர், "இது நாதம், தியானத்தில் உள்ளே கேட்கும் ஓங்கார ஒலி. கொடுத்து வைத்தவர் நீங்கள். டாக்டரிடம் போய்க் கெடுத்துக்கொள்ளாதீர்கள்" என்கிறார். மகளோ காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர் ஒருவர், கோவை.

பதில்: மகள் சொல்வதைத்தான் ஐயா. இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் கேட்டது அது மட்டுமில்லையே.

காரணம் பெரும்பாலும் உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. ரிங் பிரேம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூட காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும், பாதிப் பேச்சு கைஜாடைதான். 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலை வருஷக்கணக்கில் வாங்கினால் உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிரிழை செல்கள் கெடும். கெட்டது திரும்ப முளைக்காது. அங்கிருந்து வர வேண்டிய ஒலி வராதபோது மூளை தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது என்கிறார்கள். விடியற்காலையில் கூடுவதாகத் தோன்றுவது, அதை அமுக்க வேறு சத்தம் இல்லாததால். எனக்கும் இடது காதில் இது உண்டு. அச்சகத்தில் வேலை பார்த்த காலத்தின் பாக்கி. ராத்திரி மின்விசிறி நின்றால் விழித்துக்கொள்வேன்.

உங்கள் ஆசிரியர் இல்லாததைச் சொல்லவில்லை. மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ் என்று பத்து நாதங்களைத் திருமூலர் அடுக்குகிறார். வண்டு இருக்கிறது பாருங்கள்! ஆனால் அந்தப் பாட்டு 'பணிந்தவர்க் கல்லது பார்க்கவொண் ணாதே' என்று முடிகிறது. உங்கள் வண்டு ரேஷன் கடை வரிசையில் சண்டை போடும்போதும் கத்தத்தானே செய்கிறது? 'உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே' என்றவரும் இதே திருமூலர்தான். உண்மையான நாதம் என்றால் காது டாக்டர் ஒரு ஹெட்போன் மாட்டிச் சோதித்ததில் ஓடிப்போகாது.

வலியில் கடவுளைத் தேடுவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அப்பருக்குச் சூலை நோயைக் கொடுத்ததே சிவன்தான் என்கிறது பெரியபுராணம். ஆனால் திருவதிகையில் போய் நின்று அவர் என்ன பாடினார்? கொடுத்து வைத்தவன் நான் என்றா? 'ஆற்றேன் அடியேன்' என்று கதறினார். குடலை முடக்குகிறதே, விலக்கு என்று கேட்டார். நோய் தீர்ந்தது, தமக்கை திலகவதியார் காட்டிய வழி நின்றது. அப்புறம் உழவாரத்தைக் கையில் எடுத்தவர் முதுமை வரை கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். அந்த வயிற்றுவலிக்கு ஓர் அர்த்தம் உண்டென்றால் அதை நான் அந்த உழவாரத்தில்தான் பார்க்கிறேன்.

டாக்டரிடம் மில் வேலையைச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் உட்பட சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் எடுத்துப் போங்கள், சில மாத்திரைகளாலும் காது இரையும். சில சமயம் வெறும் காதுக்குறும்பியாகவும் இருக்கும். சத்தம் ஒரே காதில் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலைசுற்றினாலோ மறைக்காமல் சொல்ல வேண்டும். திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால் அன்றைக்கே போங்கள், நாள் பார்க்காதீர்கள். காது மந்தமும் இருந்தால் காது மிஷின் வைத்த பிறகு பலருக்கு இரைச்சல் தணிகிறது. முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

இரைச்சல் போகாவிட்டால், மௌனமாக உட்காராமல் ஒரு பதிகத்தை வாய்விட்டு ஓதிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். தியான வகுப்புக்கும் தாராளமாகப் போங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும், நிறுத்திவிடுங்கள், வகுப்பை.