மழைநீர் சேகரிப்பு சட்டம் இருந்தும் சென்னை 2019இல் ஏன் வறண்டது?

சட்டம் வந்தது 2003இல். எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்கள். அவசரத்தில் பல வீடுகளில் பேருக்கு ஒரு குழி தோண்டி, குழாயைச் சொருகி, அதோடு விட்டுவிட்டார்கள். அப்புறம் அந்தப் பக்கம் யார் போய்ப் பார்த்தார்கள்? குழியில் போட்ட ஜல்லியும் மணலும் சேறு பிடித்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்காது, தெருவுக்குத்தான் ஓடும்.

மண்ணும் ஒரு காரணம். பெசன்ட் நகர் மாதிரி கடலோர மணல் பகுதியில் சாதாரணக் குழியே போதும். களிமண் பகுதியில் அது குளமாகத் தேங்கி நிற்கும். களிமண்ணைத் தாண்டி மணல் வரைக்கும் ஆழமாக உறைக்கிணறு இறக்க வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே டிசைன் போட்டது பெரிய தப்பு என்பேன்.

சரி, ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு கிடைக்கும்? சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது ஏறக்குறைய 1.3 லட்சம் லிட்டர், அதாவது பத்துக்கும் மேற்பட்ட 12,000 லிட்டர் லாரிகள்!

ஆனால் 2018இல் வடகிழக்குப் பருவமழையே ஏமாற்றிவிட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. உங்கள் வீட்டுக் குழியை ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை திறந்து பாருங்கள்.