திடீரென்று விருந்தாளிகள் வந்துவிட்டால், வீட்டில் இருக்கும் ஒன்றிரண்டு மசாலாப் பொருளை வைத்து எப்படிச் சமாளிப்பது?

மிளகு. இதுதான் என் பதில். மற்றவர்கள் ஏலக்காய், பட்டை, அன்னாசிப்பூ என்று பட்டியல் போடுவார்கள். அவற்றையெல்லாம் வாங்கி அடுக்கி வைத்திருப்பவர் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார். உங்கள் வீட்டுக் கூடத்தில் இந்நேரம் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் வீடு. மகளின் பிரசவத்துக்காக மனைவி கோயம்புத்தூர் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு, மகனின் மாமனார் ஏற்காடு அடிவாரத்திலிருந்து பேசினார். "மலையிலிருந்து இறங்கிவிட்டோம் சம்பந்தி, அப்படியே உங்களை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறோம்." ஏழு பேர். அந்த எட்டு சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வந்து விழும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

கோடையில் மில்லில் அரைத்து வைத்த மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தால், அடித்தகரம் தெரிந்தது. இருந்தவை ஒரு கிலோ உருளைக்கிழங்கு, புளி, தக்காளி, பிறகு ஏற்காட்டில் வாங்கிய அரைக் கிலோ மிளகு. அங்கே காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறியிருக்குமே, அந்தக் கொடியின் மிளகு.

ஒரே மிளகுதான். ஆனால் எப்போது போடுகிறோம், எவ்வளவு இடிக்கிறோம் என்பதில் மூன்று பதார்த்தம் ஆகிவிடும். ரசத்துக்கு இரண்டு தேக்கரண்டி மிளகும் ஒரு தேக்கரண்டி சீரகமும் வறுக்காமல் இடித்தேன். புளி, தக்காளியின் பச்சை வாசனை போன பிறகு அதைப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். மிளகின் காரம் கொதித்தாலும் நிற்கும். மணம் ஆவியோடு போய்விடும். உருளைக்கிழங்கை வேகவைத்து, கறிவேப்பிலை தாளித்து, ஓரம் சிவக்க வறுத்து, அடுப்பை அணைக்கும் நேரத்தில் கொரகொரப்பாக இடித்த மிளகைத் தூவினேன். மூன்றாவது மிளகு சாதம். உளுத்தம்பருப்போடு மிளகை வறுத்து நைசாகப் பொடித்து, நெய்யோடு சூடான சோற்றில் கிளற வேண்டும். உளுந்து சேர்ந்தால் மிளகு சாதுவாகிவிடுகிறது. குழந்தைகள்கூட இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வயிற்றுப்புண் இருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இந்தப் பதில் உங்களுக்கு அல்ல. ஒருநாள் சமைத்துவிட்டு ஆண்பிள்ளை பீற்றிக்கொள்கிறான் என்று எழுத நினைப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் வீட்டில் காலைச் சமையல் என்னுடையது.

சம்பந்தியம்மாள் இலையைப் பார்த்துவிட்டு, "எல்லாமே மிளகுதானா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில்தான் இங்கே வந்து சேர்ந்தது, அதற்கு முன்னால் நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்ட காரம் மிளகுக் காரம்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. (இஞ்சி, திப்பிலியும் உண்டு, தெரியும், திருத்த வராதீர்கள்.) பெண் கொடுத்த வீடாயிற்றே என்று பேசாமல் மோர் ஊற்றினேன்.

அப்படிக் கேட்டவர்தான் கிளம்பும்போது, மாமியாருக்குச் சளி என்று மீதி ரசத்தைக் கேட்டார். அவசரத்தில் கைக்குக் கிடைத்த எவர்சில்வர் தூக்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அது என் அம்மாவின் தூக்கு. மூடியிலும் அடியிலும் அவர் பெயர் வெட்டியிருக்கும். இரவல் போன பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கமே மனிதர்களுக்கு அற்றுப்போய்விட்டது! வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். சமையலறை மேடையில், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், அம்மா பெயர் நன்றாகத் தெரியும்படி இருந்தது அந்தத் தூக்கு. உள்ளே புளி. மனைவி என் கையைக் கிள்ளினாள். நான் கேட்கவில்லை.