குண்டூசி இல்லாத இடம்

கேள்வி: பள்ளிச் செயல்திட்டத்துக்காக என் மகள் இமயமலை நிலநடுக்க வரைபடம் தயாரிக்கிறாள். கடந்த ஒரு மாதப் புள்ளிகளைக் குறித்திருக்கிறாள். உத்தராகண்டிலும் மேற்கு நேபாளத்திலும் பெரிய புள்ளியே இல்லை. அங்கே ஆபத்து குறைவு என்று எழுதலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த வரி மட்டும் வேண்டாம் அம்மா. மலை நகர்வதை ஒரு மாதத்தில் பார்த்துவிட முடியாது.

நான் புவியியல் பாடம் நடத்திய வகுப்பறைச் சுவரில் இமயமலைப் படம் ஒன்று தொங்கும். மாணவர்களே குண்டூசி குத்துவார்கள்: காங்ரா 1905, பீகார்–நேபாளம் 1934, அஸ்ஸாம் 1950. முதல் இரண்டுக்கும் நடுவே, உங்கள் மகள் பார்த்த அதே இடம், காலியாக இருக்கும். என்னைக் கவலைப்பட வைத்தது அந்தக் காலியிடம்தான்.

இந்தியாவைத் தாங்கும் பாறைத் தட்டு வடக்கே தள்ளுவதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. இமயமலை அடிவாரத்தில் அழுத்தமாகச் சேர்கிறது. மேற்கு நேபாளம், முஸ்தாங் பக்கம் 1505-இல் நேர்ந்த பேரழிவைத் திபெத்திய ஏடுகள் குறித்து வைத்திருக்கின்றன. அன்றிலிருந்து சேர்ந்ததெல்லாம் அப்படியே இருந்தால் கணக்கு 10 மீட்டரைத் தொடும். 2015 நேபாள நடுக்கத்தில் கோர்க்கா அருகே தொடங்கிய பாறை முறிவுகூடக் கிழக்கே காத்மாண்டு நோக்கித்தான் ஓடியது. மேற்குப் பக்கம் அப்படியே நின்றுவிட்டது.

சின்னச் சின்ன நடுக்கங்கள் அழுத்தத்தைத் தணித்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். 8 அளவு நடுக்கம் ஒன்றின் ஆற்றல் வெளியேற, 6 அளவு நடுக்கங்கள் சுமார் ஆயிரம் வேண்டும். அத்தனை அங்கே வரவில்லை. வந்தவையும் லேசானவை அல்ல: 2023 நவம்பரில் மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட்டில் 5.7 அளவு நடுக்கமே 150 பேருக்கு மேல் பலி வாங்கியது. மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள், நள்ளிரவுக்குச் சற்று முன் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்தன. அந்தச் செய்தி படித்த நாள் இன்னும் மனதை அறுக்கிறது.

ஆகவே மாதப் புள்ளிகளோடு நூற்றாண்டுகளையும் படத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அளவுக்கேற்ப வட்டம், காலத்துக்கேற்ப நிறம். காத்மாண்டு மன்னர் அபய மல்லர் உயிரிழக்கக் காரணமான 1255 நடுக்கமும் இடம்பெறட்டும். ஆனால் 1900-க்கு முந்தையவற்றை உள்ளே நிரப்பாத வட்டங்களாக வரையட்டும். அவற்றின் மையம் கருவி காட்டியதல்ல. ஏடுகளிலிருந்தும், நிலப்பிளவின் குறுக்கே அகழி வெட்டி எடுத்த கரித்துண்டுகளின் வயதிலிருந்தும் கணித்தது.