வாத்தியாரிடம் கேளுங்கள்: ஒரேயொரு கோயில் வைத்திருந்தவர்கள்

போன இதழில் உலக சமயங்களைப் பற்றி எழுதியபோது யூத சமயத்தை இரண்டு வரியில் கடந்துவிட்டேன். வாசகர்கள் விடவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

யூத சமயத்தைத் தொடக்கியவர் ஆபிரகாமா, மோசேயா? பரீட்சைக்கு யாரை எழுதுவது?
உயர்தர மாணவி, சாவகச்சேரி

பிள்ளை, பௌத்தத்துக்குப் புத்தரைக் காட்டுவதுபோல ஒருவரைக் காட்ட முடியாத சமயம் இது. சைவத்தை யார் தொடக்கினார் என்று கேட்டால் என்ன சொல்வாய்? அதுபோலத்தான். மரபுப்படி கடவுள் ஆபிரகாமோடு உடன்படிக்கை செய்தார். மோசேக்குச் சீனாய் மலையில் சட்டம் கொடுத்தார். இரண்டு பேரையும் எழுது.

வரலாற்றையும் சேர்த்துக்கொள். விவிலியத்துக்கு வெளியே இஸ்ரவேல் என்ற பெயர் முதலில் தெளிவாகக் கிடைப்பது எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டில், கி.மு. 1208 அளவில். சாலமோன் மன்னனுக்குப் பிறகு நாடு இரண்டாகியது. வடக்கே இஸ்ரவேல் கி.மு. 722 அளவில் அசீரியரிடம் விழுந்தது. தெற்கே யூதாவைக் கி.மு. 586 அளவில் பாபிலோனியர் பிடித்து, எருசலேம் கோயிலை எரித்து, மக்களைச் சிறைகொண்டு போனார்கள். அந்த யூதாவிலிருந்துதான் யூதர் என்ற பெயர். பிறகு பாரசீக மன்னன் கோரேசு அவர்களை ஊர் திரும்ப விட்டான். பலர் திரும்பாமல் பாபிலோனிலேயே தங்கிவிட்டார்கள். ஊரை விட்டு இருந்த அந்தக் காலத்தைக் கவனமாகப் படி. தங்கள் கடவுள் ஒரு நாட்டின் எல்லைக்குள் மட்டும் இருப்பவர் அல்லர் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது.

எங்கள் நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621 இல் இடித்தார்கள். பிறகு கட்டிக்கொண்டோம். யூதர்களின் கோயில் போய் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாகியும் கட்டப்படவில்லை. அப்படியிருக்கச் சமயம் எப்படி நிலைத்தது?
ஓய்வுபெற்ற தபாலதிபர், நல்லூர்

ஐயா, நல்ல இடத்தில் கையை வைத்துவிட்டீர்கள். எங்களுக்குக் கோயில் இடிந்தால் வேப்பமரத்தடியில் ஒரு வேலை நட்டு வைத்தாவது கும்பிடலாம். யூதச் சட்டம் அப்படி விடவில்லை. பலி கொடுக்க எருசலேமில் அந்த ஒரே இடம்தான். பாபிலோனிலிருந்து வந்தவர்கள் கி.மு. 516 அளவில் கட்டி முடித்த இரண்டாம் கோயிலில், காலையும் மாலையும் ஒவ்வொரு ஆட்டுக்குட்டி பலியாகும். கி.பி. 70 இல் தீத்துவின் ரோமப் படை அதை எரித்தபோது, பூசகர்களுக்குச் செய்ய ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

அந்த முற்றுகைக்குள் இருந்து யோகனான் பென் சக்காய் என்ற பெரியவரை, செத்தவர் என்று சொல்லிப் பாடையில் வைத்துச் சீடர்கள் வெளியே தூக்கிவந்தார்கள் என்பது மரபுக் கதை. ரோமத் தளபதியிடம் அவர் கேட்டது யாவ்னே என்ற சிறிய ஊரையும் அங்கிருந்த அறிஞர்களையும்தான். கோயிலைக் கேட்கவில்லை. பின்னொரு நாள் இடிபாட்டைப் பார்த்து, "பாவம் தீர்க்கும் இடம் போய்விட்டதே" என்று ஒரு சீடர் அழுதபோது, "அதற்கு ஈடான ஒன்று இருக்கிறது, இரக்கச் செயல்" என்றாராம். படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

அதன் பிறகு பலி நேரங்கள் தொழுகை நேரங்களாயின. பத்து ஆண்கள் கூடினால் பொதுத் தொழுகை நடத்தலாம் என்றார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசையே பலிபீடம் ஆயிற்று. இன்றும் ரொட்டியை உப்பில் தொட்டு உண்பது, பலிக்கு உப்பிட்ட வழக்கத்தின் நினைவு. வாய்மொழியாக வந்த சட்டங்களைக் கி.பி. 200 அளவில் மிஷ்னா என்று தொகுத்தார்கள். அதன்மேல் எழுந்த விவாதம் தல்மூத். எங்களில் சூத்திரம், உரை, உரைக்கு விருத்தி என்று வருமே, அப்படி. நடுவில் மூலம், ஒரு பக்கம் 11 ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் ராஷி எழுதிய உரை, மறுபக்கம் அவருடைய பேரர்களும் பின்வந்தவர்களும் எழுதிய உரை, எல்லாம் ஒரே தாளில். தோற்றவர் கருத்தையும் அழிக்கவில்லை. ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு ஆசிரியர்களின் வாதங்களில் பெரும்பாலும் ஹில்லேல் பக்கம் தீர்ப்பு. ஆனால் ஷம்மாய் சொன்னதும் அப்படியே பதிந்திருக்கிறது.

போரால் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் சனத்தோடு சனமாக நின்றபோது, அம்மாவின் கையில் சொப்பிங் பையில் சுற்றிய தேவாரப் புத்தகம் மட்டும் இருந்தது. அரிசியை எடுக்க மறந்திருந்தார். எனக்குக் கோபம். ஆனால் வன்னிக் கொட்டிலில் அடுத்த வெள்ளிக்கிழமை, தேங்காய்ச் சிரட்டையில் விளக்கேற்றி அவர் அதைப் பாடியபோது பக்கத்துக் கொட்டில்காரரும் வந்து உட்கார்ந்தார்கள். யாவ்னே எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது, ஐயா.

விவிலியத்தைத் தமிழாக்கிய நாவலர் யூதர்களைப் பற்றி ஏதும் எழுதினாரா?
வாசகர், வண்ணார்பண்ணை

எழுதினார். பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றதால் பழைய ஏற்பாடு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. 1854 இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தில் அதை எடுத்து வைத்தே பாதிரிமாரோடு வாதாடினார். விளக்கு, தூபம், படையல், திருநாள் என்று எங்கள் கோயிலில் எதைப் பழிக்கிறீர்களோ, அதெல்லாம் உங்கள் வேதத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுளே விதித்தவை அல்லவா என்பது அவர் கேள்வி. எதிர்ப்பதற்காகப் படித்தவரும் இவ்வளவு ஊன்றிப் படித்திருக்கிறார்!

மயிலுக்கு எபிரேயத்தில் தமிழ்ச் சொல்லாமே?
வாசகர், பருத்தித்துறை

சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் 'துக்கி' என்று ஒன்று வருகிறது. அது மயில் என்றும், சொல் எங்கள் 'தோகை' என்றும் கால்டுவெல் முதலானோர் கருதினார்கள். எல்லோரும் ஒப்பவில்லை. உறுதியான சான்று வேண்டுமென்றால் கொச்சிச் செப்பேட்டைப் பாருங்கள். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதருக்கு 72 உரிமைகள் கொடுத்து வட்டெழுத்தில் பொறித்தது. பகல்விளக்கு, குடை, தோரணம் என்று அதில் வரும் சொற்கள் எங்களுக்கே புரியும்.

அப்பம்மாவின் தேவாரப் புத்தகம் பூச்சி அரித்துவிட்டது. எரிக்க மனமில்லை. யூதர்கள் பழைய வேதத்தை எரிப்பதில்லையாமே, உண்மையா?
வாசகி, உடுவில்

உண்மைதான், தங்கச்சி. கடவுள் பெயர் எழுதிய தாளை அவர்கள் எறிவதில்லை. ஓர் அறையில் சேர்த்து வைப்பார்கள், பிறகு மனிதரைப் போலவே அடக்கம் செய்வார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்தவை பல நூற்றாண்டுகள் கிடந்தன. 1896 இன் கடைசியில் கேம்பிரிட்ஜிலிருந்து சாலமன் ஷெக்டர் போய்ப் பார்த்தபோது மலைபோலக் குவியல். உள்ளே வேதம் மட்டுமா? 12 ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்பவரின் கடிதங்களும் இருந்தன. எறியாததால் எங்கள் கடற்கரைக் கதையும் தப்பியது.

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. எரிக்க வேண்டாம். முன்பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் ஆண்டும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த இரண்டையும் எழுதி அனுப்புங்கள். படமெடுக்க என் மாணவன் ஒருவனை அனுப்பி வைக்கிறேன்.