பாடுவது சபையா, மேடையா?

கேள்வி: எங்கள் சபை வாலிபர்கள் கிட்டார், டிரம்ஸ் வைத்து ஆராதனை நடத்த ஆசைப்படுகிறோம். பெரியவர்களோ பாமாலை, கீர்த்தனை என்றே நிற்கிறார்கள். அந்தக் காலத்துப் பாட்டில் இன்னும் என்னதான் இருக்கிறது?
— ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: கிட்டாரும் டிரம்ஸும் தாராளமாக வரட்டும். ஆனால் அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்குப் பதில்: சபைக்கு அதில் வேலை இருக்கிறது.

கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர் சரணத்தைப் பாடுவார். பல்லவிக்கு மொத்தச் சபையும் சேர்ந்துகொள்ளும். புத்தகமே வேண்டாம். மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையின் வழி வேறு. எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டு, அதனால் முதல் சரணத்தில் தடுமாறுகிறவர் மூன்றாவதில் தைரியமாகப் பாடிவிடுவார். மெட்டும் சாதாரணத் தொண்டைக்கு எட்டாத உயரத்துக்குப் போகாது.

வெளிநாட்டுச் சரக்கு என்றும் தள்ளிவிட முடியாது. ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழில் தந்த பப்ரிசியஸ், 1742-இல் சென்னைக்கு வந்து வேப்பேரியில் ஊழியம் செய்தவர். உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? ‘தூய, தூய, தூயா’வின் மூலத்தை எழுதிய பிஷப் ஹீபர் 1826-இல் இறந்தது திருச்சியில்.

இப்போது ஒரு சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். சந்துக்குள் ஷாமியானா, ஐஸ் பெட்டி, கரண்டும் போய்விட்டது. ஆயர் இன்னும் வந்து சேரவில்லை. பாட்டிமார்களில் ஒருவர் ‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ என்று எடுக்கிறார். அடுத்த வரிக்குள் பத்துக் குரல், வாசலில் நிற்கும் ஆண்களும் சேர்ந்துவிடுகிறார்கள். யாரும் சுருதி கேட்பதில்லை, வரிகளுக்காகத் திரையைப் பார்ப்பதில்லை. அதே பாட்டைக் காசிமேடு கல்லறையிலும் பாடுகிறார்கள். பேச வாய் வராத மகனுக்கும் அந்த வரிகள் வருகின்றன, சின்ன வயதில் அம்மா பக்கத்தில் நின்று பாடியதால். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பாட்டுகளை மொத்தமாக மாற்றும் சபையில் இது எப்படி நடக்கும்?

பெரியவர்களையும் விட மாட்டேன். மூன்று நிமிஷப் பாட்டை ஏழு நிமிஷத்துக்கு இழுக்கிறார்கள். நேரமில்லை என்று நடுச் சரணங்களை வெட்டிவிட்டு ஒன்றையும் கடைசியையும் பாடச் சொல்கிறார்கள். சொல்லி வந்த விஷயம் பாதியில் அறுந்துபோகிறது. செஞ்சுருட்டி ராகம், ஆதி தாளம் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும் கீர்த்தனையை ஒப்பாரி மாதிரி பாடிவிட்டு, வாலிபர்களுக்குப் பக்தி இல்லை என்று குறை சொல்வது நியாயமே இல்லை.

புதுப் பாட்டும் சபை பாடுகிற பாட்டாக இருந்தால் நிச்சயம் நிற்கும். மேடையில் நாலு பேர் மைக்கில் பாட, மற்றவர்கள் கைதட்டி நிற்கும் ஆராதனையைத்தான் நான் எதிர்க்கிறேன். ஆகவே வாலிபர் கூட்டத்தில் முதலில் இதைச் செய்யுங்கள். ஒரு பாமாலையையும் உங்கள் புதுப் பாட்டு ஒன்றையும் எடுத்து, இரண்டிலும் கடைசிச் சரணத்துக்கு வாத்தியம், மைக் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எந்தப் பாட்டில் சபையின் குரல் கேட்டது என்று எழுதுங்கள். அடுத்த இதழிலேயே போடுகிறேன்.